ஏரிக்கரை உடைத்த இடம்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகைக் கட்டில் ஒன்றே ஒன்றைத்தான் வெளியே எடுத்துப் போனேன். அதுவும் திரும்பி வந்துவிட்டது. மிச்சமெல்லாம் அலமாரியில் கிடக்கின்றன. உன் அம்மா தினம் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறாள், "நாள் ஓடுது, இன்னும் ஊருக்குச் சொல்லாம இன்னா பண்ணிக்கினு கீற?" என்று. நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை, அளந்து எழுதித்தான் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

பத்திரிகையின் உச்சியில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, என் பெயருக்கும் பெண்ணின் தகப்பனார் பெயருக்கும் மேலே, எல்லா எழுத்தையும்விடப் பெரிய எழுத்தில் நம்மூர் மிராசுதாரின் பெயரைப் போட்டு, 'அவர்கள் முன்னிலையில்' என்று அச்சடித்திருக்கிறாய். என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றதற்கு நீ சிரித்தாய். "இன்னா நைனா, அவரு இல்லன்னா எனக்குப் படிப்பு ஏது, பட்டறை வேலை ஏது? மொதல்ல அவரு பேர் போடாம யார் பேர் போடுவாங்க?" என்றாய். நீ சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. முன்னிலை என்றால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். தாலி வைத்த தட்டு முதலில் அவரிடம் போகும். அவர் தொட்டுக் கும்பிட்டுக் கொடுத்த பிறகுதான் எனக்கு வரும், உன் அம்மாவுக்கு வரும், பந்தலில் இருக்கிற மற்றவர்களுக்குப் போகும். அவர் கை பட்ட இடத்தில் என் கையை வைத்து உன்னை வாழ்த்த வேண்டும். அது என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதை உனக்குப் பத்து வருஷமாகச் சொல்லாமல் இருந்தது என் குற்றம்.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் விஷயம் நம் இரண்டு பேருக்குள் முடிந்துவிடும். நான் செய்த தப்பு நமக்குள் நடந்ததில்லை, ஊருக்கு நடந்தது. ஆகவே வாரப் பத்திரிகை ஒன்றில் அச்சிடக் கொடுக்கப்போகிறேன். பத்திரிகைக்காரர் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, மிராசுதாரின் பெயர் இருந்தால் போடமுடியாது என்றார். மதகு பார்த்த எல்லப்பன் பெயர் இருக்கலாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன, தாராளமாப் போடலாம்" என்றார். நான் சொல்லவந்ததை அவரே பாதி சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது கிழவன் எழுதும் புத்திமதி இல்லை. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பதினெட்டு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள், அதனால் இந்த வயதில் எனக்குக் கல்யாண வயதில் ஒரு பையன். உனக்கு உபதேசம் செய்யும் யோக்கியதையும் எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அப்போது உனக்கு ஒன்பது வயது. சேக்காட்டுக்கு மேற்கே நம் ஏரி. பட்டணத்தில் ஓவர்சியர் பரீட்சை தேறி, சர்க்கார் வேலையில் சேர்ந்து, என் சொந்த ஊர் ஏரியையே பார்த்துக்கொள்ளும்படி எனக்கு உத்தரவு வந்திருந்தது. ஊரில் என்னைவிடப் பெரியவன் இல்லை என்று நினைப்பு. அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஏரி நிறைந்தால் தண்ணீர் பின்பக்கமாக ஏறி நிற்கும். அந்தப் பக்கத்தில், ஏரிக்குச் சொந்தமான சர்க்கார் நிலத்தை வளைத்து மிராசுதார் நெல் போட்டிருந்தார். கதிர் வாங்கும் சமயம். தண்ணீர் இன்னும் இரண்டு நாள் நின்றால் பயிர் அழுகிவிடும். மதகு வழியாகப் போகிற தண்ணீர் அவர் அவசரத்துக்குப் போதவில்லை. ஒரு நாள் நடுப்பகலில், ஜனங்கள் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் இருந்த நேரத்தில், கரை போயிற்று. கரைக்குக் கீழே இருந்தது கூலிக்காரர்கள் தெரு. மண்சுவர் வீடுகள். ஒரு கிழவர் போனார். கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கத் திரும்பி ஓடிய குப்பம்மாள் போனாள். குப்பம்மாள் எல்லப்பனின் மனைவி. எல்லப்பன் நம் ஏரியின் மதகைத் திறந்து மூடும் நீர்க்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அன்றுவரை 'வாடா, போடா' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், நானும் பேசினேன்.

மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தேன். இதில் உனக்குப் புரியாதது எதுவும் இல்லை, நீயும் இரும்பு அளக்கிறவன். கரை தானாகப் போனால் எப்படிப் போகும்? முதலில் அடியில் கசியும், மண் கரையும், பிறகு மேலே இருப்பது சரிந்து விழும். வாய் அகலமாகவும் பக்கங்கள் சரிவாகவும் இருக்கும். நான் பார்த்த இடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் செங்குத்தாக நின்றன. ஈர மண்ணில் மண்வெட்டி இறங்கிய தடம் வரிசையாக இருந்தது, தோசைக் கரண்டியால் வெட்டினமாதிரி. மதகின் பலகையோ கழற்றிக் கரைமேல் கிடந்தது. அதாவது எல்லப்பன் தன் வேலையை ஒழுங்காகச் செய்து மதகைத் திறந்துவிட்டிருந்தார். எல்லாவற்றையும் அளந்து என் குறிப்புப் புத்தகத்தில் படமாகப் போட்டேன். அதற்குள் ஊர்க் கணக்குப்பிள்ளை குடைக்குக் கீழே உட்கார்ந்து மகஜர் எழுதி முடித்திருந்தார். மகஜர் என்றால் தெரியுமல்லவா, நேரில் பார்த்தவர்கள் கையெழுத்துப் போடும் வாக்குமூலம். அதை உரக்கப் படித்தார்: "ஏரிக்கரை உடைத்த இடத்தை நாங்கள் நேரில் வந்து பார்த்ததில்..." உடைத்த என்றுதான் படித்தார். என் காது நன்றாகத்தான் இருந்தது. படித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டி, "ஓவர்சியர் ஒரு தரம் கண்ணால பாத்துடுங்களேன்" என்றார். "அதான் படிச்சீங்களே, குடுங்கய்யா, தாள் நனையுது" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஆவடியில் ரயிலைப் பிடிக்க வேண்டும். எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளையின் கையெழுத்தை நீ பார்த்ததில்லை. புள்ளி வைக்கமாட்டார். அவர் ஓட்டத்தில் த-வும் ந-வும் ஒரே புழுவாக நெளியும். மேலே போனபோது அது 'உடைந்த இடம்' ஆகியிருந்தது. ஓர் எழுத்து. உடைத்த என்று இருந்தால் எவனோ ஒருவன் மண்வெட்டியோடு அங்கே நிற்கிறான், யார் அவன் என்று கேட்டாக வேண்டும். உடைந்த என்றால் அங்கே ஆளே இல்லை, மழைதான் இருக்கிறது. மழையைப் பிடித்துக் கூண்டில் நிறுத்த முடியாது, ஆகவே மழையைத் தடுக்காதவனைப் பிடிப்பார்கள். நான் கணக்குப்பிள்ளையிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஓர் எழுத்துக்கு இம்மாங் கோவமா ஓவர்சியர்? நான் எழுதனது எழுதனதுதான். படிக்கிறவங்க கண்ணுக்கு நான் ஜவாப்பா? உங்களத்தான் பாக்கச் சொன்னேனே" என்றார். அது உண்மை. பார்க்கச் சொன்னார். என் அவசரம் அவருக்குத் தெரியும், அதை நம்பித்தான் நீட்டினார்.

இதுவரை நான் ஏமாந்தவன். இத்தோடு நின்றிருந்தால் இன்று உன்னிடம் தலை நிமிர்ந்து பேசுவேன். என் அறிக்கையையும் படத்தையும் மேலே அனுப்பினேன். 'மகஜருடன் பொருந்தவில்லை, திருத்தி அனுப்பவும்' என்று ஒரு சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கொதித்தேன். மூன்றாம் நாள் கரைமேல் நடந்து வந்துகொண்டிருந்தபோது மிராசுதாரின் மோட்டார் பக்கத்தில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. "பையன் எந்த கிளாஸ் படிக்கிறான்?" என்றார். நாலாவது என்றேன். "கெட்டிக்காரன்னு சொல்றாங்களே. இந்தப் பள்ளிக்கூடத்துல அவன் என்னத்தக் கத்துக்குவான்? பட்டணத்து ஹாஸ்டல்ல நம்ம வார்த்தைக்கு ஒரு மரியாத இருக்கு. ஜூன் மாசம் பாத்துக்கலாம்" என்றார். வண்டி போய்விட்டது. ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பயமுறுத்தவில்லை. நான் கேட்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. மறுநாள் காலை ஆபீசில் உட்கார்ந்து புதுத் தாளில் அந்தப் படத்தை மறுபடி போட்டேன். செங்குத்தாக இருந்த இரண்டு கோடுகளையும் சரித்தேன். மண்வெட்டித் தடத்தை விட்டுவிட்டேன். மதகுப் பலகையையும் விட்டுவிட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. என் வாழ்க்கையில் நான் போட்ட படங்களிலேயே சுத்தமான படம் அது.

விசாரணையில் மிராசுதார் சாட்சியாக வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். எல்லப்பன் நின்றார். மனைவி செத்ததற்கு எடுக்க வேண்டிய தலைமுடியைக்கூட அவர் இன்னும் ஒழுங்காக எடுத்திருக்கவில்லை. மதகைத் திறந்தாயா என்று கேட்டபோது, "தொறந்தேன் தொர. பலக கரமேலதான் கெடந்துச்சு. தோ, ஓவர்சியர் அய்யா கீறாரே, அவரே பாத்தாரு" என்று என்னைக் காட்டினார். காட்டும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பக்கவாட்டில்தான் பார்த்தேன். அதிகாரி என் பக்கம் திரும்பி, பலகையைப் பார்த்தீரா என்றார். நான் சொன்னேன்: "என் படத்தில் அது இல்லை." பொய்யில்லை பார். படத்தில் பலகை இல்லைதான். எல்லப்பனுக்கு ஒன்றரை வருஷம். மதகைத் திறக்காமல் தூங்கிவிட்டதாகத் தீர்ப்பு. அதிகாரி அன்று பகல் சாப்பாடு சாப்பிட்டது மிராசுதாரின் வீட்டில். அவரும் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் முன்னால் இருந்த தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின.

இதைத்தான் நீ புரிந்துகொள்ளவேண்டும் என்று பார்க்கிறேன். பெரிய மனிதன் தப்பிக்க வேண்டுமானால் யாரோ வந்து பெரிய பொய் சொல்வார்கள், கட்டுக்கட்டாகக் கைமாறும் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். ஒன்றும் வேண்டியதில்லை. ஒருவர் ஓர் எழுத்தை மங்கலாக எழுதினார். ஒருவர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். நான் இரண்டு கோட்டைச் சாய்த்தேன். ஒவ்வொருவனும் செய்தது இத்துனூண்டு. எவனைப் பிடித்துக் கேட்டாலும் 'நான் என்ன செய்தேன்' என்பான், கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மிராசுதார் செய்தது என்ன? ஒரு பையன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று விசாரித்தார். அதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை?

ஜூன் மாதம் உனக்கு இடம் கிடைத்தது. நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துள்ளிக்கொண்டு போனாய். உன் அம்மா மிராசுதார் வீட்டுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நான் தடுக்கவில்லை. இதைவிட அசிங்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லப்பன் ஜெயிலுக்குப் போன பிறகு ஊரில் அவர் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது. தூங்குமூஞ்சிக்கு எல்லப்பன் என்று பெயர். மாடு படுத்துக்கொண்டு எழுந்திருக்காவிட்டால் எல்லப்பன். லீவுக்கு வந்து நீ விடிந்தும் தூங்கும்போது நான் என்ன சொல்லி எழுப்புவேன், ஞாபகம் இருக்கிறதா? "டேய் எல்லப்பா, ஏரி போயிடுச்சு, எழுந்திருடா!" நீ சிரித்துக்கொண்டே எழுந்திருப்பாய். ஊருக்குத் தெரியாது, அவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரியும், நானும் சொன்னேன். பல நாள் சொல்லச் சொல்ல, அவர் உண்மையாகவே தூங்கித்தான் போயிருப்பாரோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. குறிப்புப் புத்தகத்தின் பழைய பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் தெளிந்தேன். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்காததற்கு நல்ல எண்ணம் காரணமில்லை. பக்க எண் போட்ட சர்க்கார் புத்தகம், கிழித்தால் கணக்குக் கேட்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், உன் பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு எல்லப்பனைத் தேடிப் போனேன். திருநின்றவூரில் இறங்கி வேப்பம்பட்டுவரை நடந்தேன். அங்கே ஒரு செங்கல் சூளையில் இருக்கிறார். இருமல் வந்துவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் மண் கையோடு எழுந்தார். "வாங்கோ அய்யா, இன்னா இம்மாந் தொலவு! பையனுக்குக் கண்ணாலமா? அட, மூக்கொழுகிக்கினு மதகாண்ட வந்து நிப்பானே, அவனுக்கா?" என்று சிரித்தார். உன்னை ஞாபகம் வைத்திருக்கிறார். பத்திரிகையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். உன் பெயர், பெண் பெயர், பூந்தமல்லி, நாள், முகூர்த்தம். மடித்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தாளை விரித்து, உச்சியில் மண் விரலை வைத்தார்.

"எல்லாத்தவிட பெர்சா போட்டுகீதே, அத்த வுட்டுட்டீங்களே. இது இன்னா எய்திகீது?"

அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நான் தாண்டிப்போன இடம் மட்டும் தெரிந்துவிட்டது. படித்துச் சொன்னேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, "அவரு வந்தா இன்னா, வர்ட்டும். நான் எப்டியும் பந்தலுக்கு வெளியதானே குந்தப்போறேன்" என்றார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. கோட்டைச் சாய்த்தவன் நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்குக் கச்சேரில நீ என் மூஞ்சியப் பாக்கவே இல்லியே. அப்பவே தெரிஞ்சுபோச்சு." அவர் என்னை 'நீ' என்று சொன்னது அன்றுதான். சொல்லட்டும், பத்து வருஷம் பிந்திச் சொன்னார். "இப்ப இன்னாத்துக்கு வந்த? கண்ணாலத்துக்குக் கூப்டவா, உன் மனசக் கயுவிக்கவா? ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு எட்த்தாராத அய்யா." தட்டிலிருந்து ஒரு பாக்கை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இது அந்தப் பையனுக்காவ. தாள நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மண்ணைப் பிசையக் குந்திவிட்டார். நான் நின்றுகொண்டிருப்பதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் கல் அறுத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி, "யாரு மாமே அது?" என்று கேட்டாள். "ஊர்க்காரரு" என்றார்.

ஏரி விஷயத்தில் நடந்தது எல்லாவற்றையும், நான் செய்தது உட்பட, இன்று காலை என் கையாலேயே எழுதி, குறிப்புப் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டி, கலெக்டர் துரைக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். அதை அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நீ ஓடிவந்து காலைப் பிடித்துத் தடுப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அந்த வரிசை. இதனால் மிராசுதாருக்கு ஒன்றும் ஆகிவிடாது. பத்து வருஷத்துக்கு முந்தின மண் தடம், அந்தக் கரையைச் சர்க்காரே பூசி மெழுகிவிட்டது. என் வேலை போகும். பொய்ப் படம் கொடுத்ததற்கு நானே கூண்டில் நிற்கவும் நேரலாம். உன் பட்டறையில் உனக்குச் சிபாரிசு செய்தவர் முகம் திருப்பிக்கொள்வார், அதில் உனக்கும் அடி விழும். பெண் வீட்டார் யோசிப்பார்கள். இத்தனையும் உன் முகூர்த்தத்துக்கு முன்னால் உன் தலையில் கொண்டுவந்து போடுகிறேன். உன்னைக் கேட்காமல் உன் பேரில் ஒரு காரியம் செய்வது எனக்கு இது இரண்டாவது தடவை.

நீ எனக்குத் துரோகம் செய்ததாக ஞாயிற்றுக்கிழமை நினைத்தேன். இப்போது யோசித்தால் உனக்குத் தெரிந்ததை வைத்து நீ செய்தது சரிதான். இனிமேல் தெரிந்துதான் செய்வாய். அவர் தட்டைத் தொட்டால் நான் தொடமாட்டேன், ஒரே பந்தலில் அவரும் நானும் நிற்கமாட்டோம். அவர் பெயரை அடித்துவிடு என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொல்லும் உரிமையை நீ நாலாவது வகுப்பில் இருந்தபோதே இழந்துவிட்டேன். நான் பூந்தமல்லிக்கு வரவா வேண்டாமா என்று மட்டும் ஒரு கார்டு போடு. இரண்டு வரி வேண்டாம், ஒரு வார்த்தை போதும். வியாழக்கிழமைக்குள் கார்டு வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, உன் அம்மாவை மட்டும் விடியற்காலையில் வண்டி கட்டி அனுப்பிவைக்கிறேன். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளை முன்வரிசையில் உட்கார வை.

உன் நைனா